மாரியில் பாரமா, துள்ளலா?

ஐப்பசியில் மழை பிடித்தால் வன்னியில் கரப்பந்தாட்ட மைதானங்கள் பல மார்கழி மட்டும் சேறுதான். அந்த இடைவெளியில் இளம் ஆட்டக்காரரின் கால்பலமும் பாய்ச்சலும் இறங்கும். மீட்க இரண்டு வழி.

பாரத்தோடு குந்தி எழும்புதல்: உரப்பையில் 10 கிலோ மணல் நிரப்பி, நெஞ்சோடு அணைத்து, 8 தரம் வீதம் 3 சுற்று, கிழமைக்கு 2 நாள். விறாந்தையே போதும். முழங்கால் உள்ளே சரிந்தால் பாரம் கூடிவிட்டது, மணலைக் குறையுங்கள். பலன் மெல்லத்தான் தெரியும், 6 முதல் 8 கிழமை செல்லும்.

துள்ளல் பயிற்சி நேரே பாய்ச்சலைத்தான் கூட்டும், ஆனால் தரை முக்கியம். ஈர நிலத்தில் வழுக்கும். சீமெந்தில் தொடர்ந்து துள்ளினால் முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் நோகத் தொடங்கும். புதியவருக்கு ஒரு நாளில் 60 முதல் 80 பாய்ச்சல் காணும். பிறகு 48 மணி நேர ஓய்வு. சத்தமில்லாமல் தரையிறங்கத் தெரியாதவரைப் பெட்டியிலிருந்து குதிக்க விடுவது வீண் வேலை.

எங்கள் தெரிவு: மாரியில் பாரம், தை பிறந்து மைதானம் காய்ந்ததும் துள்ளல். போட்டிக் காலத்திலும் கிழமைக்கு ஒருநாள் பாரம் இருக்கட்டும். அடியோடு விட்டால் கால்பலம் கரையும்.

அளப்பதற்கு விரல் நுனியில் வெண்கட்டி பூசி, நின்று எட்டும் உயரத்தையும் பாய்ந்து எட்டும் உயரத்தையும் மாதம் ஒருமுறை சுவரில் குறியுங்கள். வளரும் வயதில் கையெட்டும் உயருமாதலால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் பார்க்கவேண்டும்.