நாகைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய் வருகிறவர்களுக்கு எந்த போன் பிளான் சரி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய் வருகிறவர்கள், இரண்டு மூன்று நாளுக்கு மேல் அங்கே தங்குவதாக இருந்தால், ரோமிங் பேக் (இந்திய சிம்மையே அங்கேயும் பயன்படுத்தப் போடுகிற பேக்) போடாதீர்கள். இந்திய நம்பரை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு குறைவாகக் கட்ட முடியுமோ அவ்வளவு மட்டும் கட்டி, அந்த சிம்மைப் போனுக்குள்ளேயே விட்டு வையுங்கள். நெட்டும் பேச்சும் அங்கே இறங்கியதும் ஒரு இலங்கை சிம்மில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போடுகிற சாதாரண போன் போதும். என் அக்காவை யாழ்ப்பாணத்துப் பக்கம் சுன்னாகத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், அதனால் போக்குவரத்து எனக்கு ஓயாது, ஊரில் யார் கப்பல் ஏறினாலும் சிம் பற்றி என்னிடம்தான் கேட்கிறார்கள். தெரிந்ததை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

2024 ஆகஸ்ட் 16-இல் சிவகங்கை கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு இது நிறையப் பேருக்குத் தேவையான விஷயமாகிவிட்டது. அதற்கு முந்தைய வருடம் அக்டோபரில் செரியபாணி என்ற கப்பல் சில நாள் ஓடி நின்றது. இப்போது திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானமும் இருக்கிறது. கல்யாணம், சாவு, நல்லூர்த் திருவிழா, நயினாதீவு, சாமான் வாங்கி விற்பது என்று போகிறவர்கள் ஒரு வாரம், பத்து நாள் தங்குகிறார்கள். ரோமிங் பேக்குகளைப் பார்த்தால் அவை ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டு மறுநாளே திரும்புகிற ஆளுக்காகப் போட்டவை மாதிரி இருக்கின்றன. நாள் கணக்கில் போடுவதற்கே பல நூறு ரூபாய் ஆகிறது, அதிலும் ஜிபி கொஞ்சம்தான். ஒரே ஒரு நாள் வேலை, இல்லையென்றால் ஆஸ்பத்திரி அவசரம், இந்த மாதிரி என்றால் ரோமிங் பேக் சரி, அலைச்சல் மிச்சம். குடும்பத்தோடு போய்த் தங்குகிறவர்களுக்கு அது கட்டவே கட்டாது.

முதலில் இந்திய நம்பர். இதைச் சும்மா போன் நம்பராக நினைக்கக் கூடாது. பேங்க் ஓடிபி, ஆதார் ஓடிபி, கேஸ் புக்கிங், எல்லாமே அந்த நம்பரில்தான் நிற்கிறது. யூபிஐ ஆப்புகள் நம்பரைச் சரிபார்ப்பதே போனில் இருக்கும் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையிலும் யூபிஐ எடுக்கிறார்கள், லங்கா க்யூஆர் ஒட்டியிருக்கும் கடைகளில் ஸ்கேன் பண்ணலாம், ஆனால் ஆப்புக்குள் போய் வெளிநாட்டுப் பணம் செலுத்தும் வசதியை இயக்கிவிட்டுப் போகவேண்டும். இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிட்டு இதெல்லாம் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை இன்னொரு உத்தரவும் போட்டது: வாட்ஸ்ஆப் மாதிரியான ஆப்புகள் எந்த நம்பரில் தொடங்கப்பட்டனவோ அந்த சிம் போனுக்குள் இருந்தால்தான் வேலை செய்யவேண்டும் என்று. ஆக எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்த சிம் போனுக்குள் இருப்பதுதான் நல்லது.

அதற்கு எந்தத் திட்டம்? 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் விலையை ஏற்றிய பிறகு 28 நாள் பேக்கை மாதா மாதம் போடுவது பாரமாகிவிட்டது. மாதம் என்று சொல்லி 28 நாள் கொடுப்பதால் வருடத்துக்கு 12 அல்ல, 13 தடவை கட்டுகிறோம். அதைவிடப் பெரிய தொல்லை, யாழ்ப்பாணத்தில் இருக்கும்போது அந்த 28 நாள் முடிந்துபோவது. பேங்க் ஓடிபி வேண்டிய நேரம் பார்த்துத்தான் அது முடியும். 2024 டிசம்பரில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஒரு நல்ல காரியம் செய்தது, டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது கொடுத்தே ஆகவேண்டும், 365 நாள் வரைக்கும் கொடுக்கலாம் என்று. அப்படி 2025 ஜனவரியில் வந்தவைதான் ஏர்டெல்லின் 1,849 ரூபாய் 365 நாள் பேக்கும், ஜியோவின் 1,748 ரூபாய் 336 நாள் பேக்கும். வீட்டில் பைபர் நெட் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வகைதான். முழுதாக ஒரு வருடம் என்பதால் இரண்டில் எனக்குப் பிடித்தது முன்னது. விலையை ரீசார்ஜ் போடுகிற அன்று ஒருமுறை ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தப் பேக்குகள் ஆப்பில் அடியில் எங்கோ கிடக்கும், தேடித்தான் எடுக்கவேண்டும்.

டிராயின் 20 ரூபாய் விதியை நம்பி அப்படியே விட்டுவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த விதி இதுதான்: 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் நம்பரில் 20 ரூபாயாவது பாக்கி இருந்தால், 20 ரூபாய் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரைக் காப்பாற்றி வைப்பார்கள். நம்பர் வேறு ஆளுக்குப் போகாமல் இருக்க அது உதவும், அவ்வளவுதான். செல்லுபடியான பேக் இல்லாமல் ஓடிபி ஒழுங்காக வரும் என்று அதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. பேங்க் கணக்கு அதில் தொங்குகிறது என்றால் பேக் இருக்கட்டும்.

இங்கேயே செய்யவேண்டிய ஒரு வேலை, ரோமிங் வசதியை இயக்கிவிட்டுப் போவது. அது கம்பெனி ஆப்பில் இருக்கும். அங்கே போய் இறங்கி, சிக்னலே இல்லாத சிம்மை வைத்துக்கொண்டு கஸ்டமர் கேருக்கு எப்படிக் கூப்பிடுவது? பிறகு போன் செட்டிங்கில் இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள், டேட்டாவுக்கு இலங்கை சிம்மைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எம்எஸ் வாங்குவதற்குப் பொதுவாகக் காசு கிடையாது, ஆனால் வருகிற அழைப்பை எடுத்தால் ரோமிங்கில் நிமிடத்துக்குக் காசு. பெர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்பை எடுத்து அதற்கும் நாம் கட்டுவதா? எடுக்காமல் விட்ட அழைப்புக்குக் காசு இல்லை என்பதை வைத்து நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், வாட்ஸ்ஆப் கிடையாது. அம்மா என் இந்திய நம்பருக்கு அடிப்பார், நான் எடுக்கமாட்டேன், இலங்கை சிம்மிலிருந்து திரும்பக் கூப்பிடுவேன். இங்கிருந்து 94 (இலங்கைக் குறியீடு) போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னால் அவர் பேலன்ஸ் ஐந்து நிமிடத்தில் காலியாகிவிடும், பேச்சில் பாதி "சாப்பிட்டியா" என்பதிலேயே போய்விடும்.

டேட்டா ரோமிங் அணைப்பது கப்பல் ஏறுகிறவர்களுக்கு மட்டும் சொல்வதில்லை. தனுஷ்கோடிக்குப் போனவர்கள் எல்லோருக்கும் "இலங்கைக்கு நல்வரவு" என்ற மெசேஜ் வந்த அனுபவம் இருக்கும். கடல் மேல் சிக்னலுக்குத் தடை கிடையாது, கரையோரத்தில் நம் டவர் பலவீனமான இடத்தில் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் போகிறவர்களும் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் கையால் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வது நல்லது, குறிப்பாக போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்கள். நடுக்கடலில் இரண்டு பக்கமும் இல்லை, அந்த நேரத்துக்கு எந்த பிளானும் உதவாது, வேண்டிய டிக்கெட்டையும் முகவரியையும் முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்லது, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், எந்த டவரைப் பிடித்தாலும் அலாரம் குழம்பாது.

இனி இலங்கை சிம். அங்கே டயலொக், எஸ்எல்டி மொபிடெல், ஹட்ச் மூன்றுதான். ஏர்டெல் லங்கா 2024 ஜூனில் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது, ஆகவே நம் ஊர் ஏர்டெல் வைத்திருப்பதால் அங்கே சலுகை ஏதும் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். நம்பர் 077, 076, 074 என்றால் டயலொக், 071, 070 என்றால் மொபிடெல், 078, 072 ஹட்ச். அக்கா வீட்டில் எல்லோரும் டயலொக் என்பதால் நானும் அதையே வைத்திருக்கிறேன், நீங்களும் போகிற வீட்டில் எது எடுக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், அதைவிடச் சரியான அளவுகோல் இல்லை. யாழ்ப்பாணம் டவுனுக்குள் எது போட்டாலும் பரவாயில்லை. உள்ளே தோட்டக்காணிப் பக்கமும் தீவுப் பக்கமும் போனால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு தடவை வேறொரு கம்பெனி சிம்மோடு போய் நெடுந்தீவில் கூகுள் மேப் கூடத் திறக்கவில்லை.

கடையில் பாஸ்போர்ட் கேட்பார்கள், விசாப் பக்கத்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள். "அண்ணை, எத்தினை நாள் நிப்பீங்கள்?" என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற டூரிஸ்ட் பேக்கை எடுத்துக் காட்டுவார்கள். அங்கே ரீசார்ஜ் என்று கேட்பதைவிட ரீலோட் என்று கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஒரு இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்றரை இலங்கை ரூபாய் என்பதால் ஆயிரத்துச் சொச்சம் என்றதும் பயப்பட வேண்டாம், நம் காசில் சில நூறுதான். ஆனால் இரண்டு விஷயம் கேட்டுத்தான் வாங்கவேண்டும். முதலாவது, சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா. அங்கே வாட் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம், அதற்கு மேல் டெலிகாம் வரியும் உண்டு. இரண்டாவது இன்னும் முக்கியம்: போட்டிருக்கிற ஜிபியில் எவ்வளவு எப்போதும் ஓடுவது, எவ்வளவு இரவில் மட்டும் ஓடுவது. 40 ஜிபி என்று பெரிய எழுத்தில் இருக்கும், அதில் பாதி நடுராத்திரிக்கு மேல்தான் ஓடும் என்றால் தூங்குகிற நேரத்தில் நமக்கு அது எதற்கு? வாட்ஸ்ஆப்புக்கு மட்டும், யூடியூபுக்கு மட்டும் என்று பிரித்த பேக்குகளும் நிறைய. நம் ஊரில் நாளைக்கு இத்தனை ஜிபி என்று பழகிய கண்ணுக்கு இது குழப்பும். குறைந்த ஜிபியாக இருந்தாலும் முழுதும் எந்நேரமும் ஓடுகிற பேக்கை எடுங்கள்.

நாள் கணக்கிலும் தாராளமாக இருங்கள். ஐந்து நாள் பயணம் என்று ஏழு நாள் பேக் வாங்கினால் போதாது. இது கப்பல். கடல் கொந்தளித்தால் அன்றைய பயணம் ரத்து, வடகிழக்குப் பருவமழை வந்தால் மாதக் கணக்கில் ஓடாமலும் இருந்திருக்கிறது, 2024 நவம்பரில் நின்றது மறுபடி ஓட 2025 பிப்ரவரி ஆனது. மாட்டிக்கொண்டால் பலாலியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விமானம் தேடவேண்டும், டிக்கெட் போடவேண்டும், இந்திய ஓடிபி வரவேண்டும், அன்றைக்குத்தான் நெட் அவசியம். 30 நாள் பேக்குக்கும் ஏழு நாள் பேக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சாப்பாட்டுக் காசுதான். கஜா புயலில், 2018 நவம்பர் 16 விடியற்காலை, டவர்கள் சாய்ந்து வேதாரண்யம் பக்கத்து ஊர்கள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம், இதை நான் விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு வேறு கம்பெனி சிம் வைத்திருங்கள் என்பதும் அதனால்தான், கடலுக்கு இந்தப் பக்கமும் சரி அந்தப் பக்கமும் சரி.

டிராவல் இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏறுகிற சிம்) பற்றியும் கேட்கிறார்கள். க்யூஆர் ஸ்கேன் பண்ணினால் சிம் வந்துவிடும், கடைக்குப் போகவேண்டாம், நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலானவற்றில் டேட்டா மட்டும், உள்ளூர் நம்பர் கிடையாது. ஆட்டோக்காரரிடம் நம்பர் கொடுக்கவேண்டும், கொழும்பில் பிக்மீ ஆப்பில் டாக்சி கூப்பிட்டால் ஓட்டுநர் நமக்குப் போன் செய்யவேண்டும், அங்கே வீட்டுப் பெரியவர்கள் லேண்ட்லைனிலிருந்து அடிப்பார்கள், இதற்கெல்லாம் உள்ளூர் நம்பர் வேண்டும். இந்த இ-சிம் விற்கிற இரண்டு பெரிய ஆப்புகளை 2024 ஜனவரியில் இந்திய அரசு இங்கே முடக்கவும் செய்தது. நான் பரிந்துரைக்கமாட்டேன். அதற்குப் பதில் உங்கள் இந்திய சிம்மை இங்கேயே இ-சிம்மாக மாற்றிக்கொண்டால், இலங்கை சிம்முக்கு இடம் தானாகக் காலியாகும், கழற்றுகிற வேலையும் தொலைகிற பயமும் இல்லை.

அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வருகிறவர்கள் படுகிற பாடு வேறு, இதைத்தான் நான் பெரிய குறையாக நினைக்கிறேன். வேளாங்கண்ணிக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29, அதற்கும் நாகூர் கந்தூரிக்கும் திருநள்ளாற்றுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வருகின்றன. அக்காவும் அத்தானும் வந்தபோது நாகையில் ஒரு மொபைல் கடையில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததுமே "பாரின் ஆளுக்கு இங்க போட முடியாதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த கடையில், உங்கள் ஆதாரில் ஒன்று எடுத்துக் கொடுத்துவிடுங்களேன் என்று எனக்கே யோசனை சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருவர் பேரில் ஒன்பது சிம் வரை இருக்கலாம் என்பது உண்மை, ஆனால் அந்த நம்பரில் என்ன நடந்தாலும் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். உங்கள் பேரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். கம்பெனியின் நேரடி ஷோரூமுக்குப் போனால்தான் பாஸ்போர்ட், விசா, இங்கே இருக்கிற ஒருவரின் நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் போட்டுக் கொடுக்கிறார்கள், உடனே இயங்காது, சில மணி நேரம் பொறுக்கவேண்டும். கப்பல் வந்து இறங்குகிற நாகைத் துறைமுகத்திலேயே வெளிநாட்டவருக்கு சிம் கொடுக்க ஒரு கவுண்டர் நிரந்தரமாக இருக்கவேண்டும் என்பது என் ஆசை, கோரிக்கையும் அதுதான்.

நாலைந்து நாள் மட்டும் தங்குகிற உறவுக்காரர்கள் என்றால் இந்திய சிம்மே வேண்டாம். வீட்டு வைபையைக் கொடுங்கள், கோயிலுக்குப் போகும்போது உங்களில் ஒருவர் ஹாட்ஸ்பாட் போடுங்கள், அவர்களுடைய இலங்கை சிம் ஓடிபிக்காக மட்டும் டேட்டா அணைத்த நிலையில் போனில் கிடக்கட்டும். நான் சொன்ன வருடப் பேக்கில் டேட்டா கிடையாது என்பதால், அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அதற்குத் தனியாக ஒரு டேட்டா வவுச்சர் போட முடிகிறதா என்று ஆப்பில் பாருங்கள், முடியவில்லை என்றால் வீட்டில் டேட்டா பேக் இருக்கிற இன்னொருவர் போனைக் கையோடு எடுத்துப் போங்கள்.