கரண்ட் போனாலும் ஓடும் ஏர் பம்ப்: சில வருடங்கள் வைத்திருந்து பார்த்ததில்

மீன் தொட்டிக்குக் காற்று அடிக்க பேட்டரி ஏர் பம்ப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை மணி நேரம் ஓடும்?" என்றுதான். நியாயமான கேள்விதான். ஆனால் செல் போடுகிற பம்ப், யூஎஸ்பி பம்ப், உள்ளேயே பேட்டரி வைத்த பம்ப், இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகு, என் முதல் கேள்வி வேறாகிவிட்டது. கரண்ட் போனதும் அது தானாக ஓடத் தொடங்குமா? நாம் விழித்திருக்கும்போது கரண்ட் போனால் எந்த பம்ப்பும் போதும். பம்ப்பே இல்லாவிட்டால்கூட மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிச் சமாளித்துவிடலாம். மீன்கள் பெரும்பாலும் செத்துப்போவது நாம் தூங்கும்போதோ, வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருக்கும்போதோ கரண்ட் போனால்தான்.

என் தொட்டிகள் இரண்டு. பெரியது மூன்றடி நீளம், சுமார் 130 லிட்டர், தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர், அதில் தங்கமீன்கள். சின்னது இரண்டடி. அதில் கப்பி, டெட்ரா, கொஞ்சம் செடிகள். கரண்ட் போனால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தங்கமீன் நிறையத் தின்னும், நிறையக் கழியும், உடம்பும் பெரிது. அதனால் ஆக்சிஜன் குறைவது அந்தத் தொட்டியில்தான் முதலில் தெரியும். மீன்கள் கீழே மேய்வதை விட்டுவிட்டு மேலே வந்து, தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடும். செவுள் அடிக்கிற வேகம் கூடிவிடும். சின்னத் தொட்டியில் அதே நேரத்துக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பக்கத்தில் தனி ஜாடியில் ஒரு ஃபைட்டர் மீன் வேறு இருக்கிறது. ஃபைட்டரும் கொராமியும் மேலே வந்து காற்றையே நேராக இழுத்துக்கொள்ளும் வகை. அவற்றுக்காக நான் எந்தப் பம்ப்பையும் எடுத்து வைப்பதில்லை.

வெயில் நாளில் நிலைமை இன்னும் இறுகும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் ஏழரையாகக் குறைந்துவிடும். தண்ணீர் சூடாக ஆக மீனுக்குத் தேவையோ கூடிக்கொண்டே போகும். இருப்பு குறைகிற நேரத்தில்தான் செலவு ஏறுகிறது. செடி இருக்கிற தொட்டி பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் சரி. விளக்கு இல்லாத இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் பக்கம்தான் நிற்கும்.

சரி, பம்ப்களுக்கு வருவோம்.

முதலில் வைத்திருந்தது டார்ச்சில் போடுகிற பெரிய டி சைஸ் செல் இரண்டு போடும் பம்ப். எளிமையான சாமான். பிளாஸ்டிக் பெட்டி, ஒரு குட்டி மோட்டார், காற்றைத் தள்ளுகிற ஒரு ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்), ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். நல்ல ஆல்கலைன் செல் போட்டால் ஒரு நாளைத் தாண்டி ஓடியது. சாதாரண கார்பன் செல்லில் அதில் பாதிகூடத் தேறவில்லை. சத்தம்தான் தாங்காது. படுக்கையறையில் வைத்தால் தூக்கம் போகும். இதைவிடப் பெரிய தொல்லை, செல்லை உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து கம்பிச் சுருளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடுவது. அதனால் செல்லைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். கழற்றி வைத்தால் கரண்ட் போனதும் யாராவது எழுந்து வந்து போட வேண்டும். நான் சொன்ன முதல் கேள்வியில் இது அங்கேயே தோற்றுவிடுகிறது.

இதே வகையில் சுவரில் சொருகி வைக்கிற மாடலும் உண்டு. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை சும்மா இருக்கும். கரண்ட் நின்றதும் செல்லை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கும். இது எனக்கு மிகவும் பிடித்தது, இன்றும் பெரிய தொட்டியில் இருக்கிறது. ஒரு யோசனை: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கிலேயே இதைச் சொருகுங்கள். முதலில் இன்வெர்ட்டர் வழக்கமான ஃபில்டரை ஓட்டும். அதன் பேட்டரியும் தீர்ந்த பிறகுதான் இது விழித்துக்கொள்ளும். செல்லும் வீணாகாது. கசிவு பயத்துக்கு, சில மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.

அடுத்தது யூஎஸ்பி பம்ப்பும் பவர் பேங்க்கும். காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. பம்ப் எடுப்பது சுமார் 1 வாட். 10,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க்கில் இருப்பது, உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கில், 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக ஏற்றுவதில் கொஞ்சம் போனாலும் ஒரு முழு நாளுக்கு மேல் வர வேண்டும். சத்தமும் மிகக் குறைவு. ஆனால் கையில் இருந்த பவர் பேங்க்கில் மாட்டியதும் பம்ப் ஓடியது, நீல விளக்கு எரிந்தது, அரை நிமிடம் கழித்து இரண்டும் ஒன்றாக நின்றுவிட்டன. பம்ப் பழுது இல்லை. போன் சார்ஜ் ஏறி முடிந்தது என்று நினைத்து பவர் பேங்க் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்க்கள் இப்படித்தான் செய்யும்.

இதற்கு வழி இரண்டு. இயர்போன், கைக்கடிகாரம் போன்ற சின்னச் சாதனங்களுக்காகக் குறைந்த கரண்ட் மோடு வைத்த பவர் பேங்க் வாங்கலாம். ஆனால் சிலவற்றில் அந்த மோடும் சில மணி நேரத்தில் தானாக முடிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இன்னொரு சாக்கெட்டில் ஒரு குட்டி யூஎஸ்பி விளக்கையும் சேர்த்து மாட்டி, இழுக்கும் கரண்ட்டைக் கூட்டலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். ஓடும் நேரம் குறையும், இருட்டில் வெளிச்சமும் கிடைக்கும். மீனுக்கு நேராக மட்டும் அந்த விளக்கைப் பிடிக்க வேண்டாம். இருட்டில் திடீர் வெளிச்சம் பட்டால் டெட்ராக்கள் மிரண்டு கண்ணாடியில் முட்டும்.

பவர் பேங்க்கை எப்போதும் சார்ஜரில் போட்டுவைத்து, அதன் வழியாகவே பம்ப்பை ஓட்டினால் தானாக மாறிக்கொள்ளாதா என்று தோன்றும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. பல பவர் பேங்க்கள் சார்ஜ் ஏறும்போது வெளியே கொடுக்காது. கொடுப்பவற்றிலும் சில, கரண்ட் போகிற நொடியில் ஒரு கணம் துண்டித்துவிட்டு, பட்டனை அழுத்தும்வரை திரும்ப வராது. உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, லித்தியம் பேட்டரியை உள்ளேயே வைத்து, கரண்ட் இருக்கும்போது கரண்ட்டிலும் இல்லாதபோது பேட்டரியிலும் ஓடுகிற பம்ப். வாங்கிய புதிதில் இதைவிட நிம்மதி வேறு இல்லை. கரண்ட் போனால் குமிழியில் ஒரு துள்ளல்கூடத் தெரியாது. விஷயம் இரண்டாம் வருடத்தில்தான் ஆரம்பித்தது. ராத்திரி பகலாகச் சார்ஜிலேயே இருக்கிற லித்தியம் பேட்டரி மெதுவாகச் சக்தியை இழக்கும், அதுவும் சூடான இடத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம். தொட்டியின் மூடிக்கு மேல், விளக்குக்குப் பக்கத்தில் பம்ப்பை வைப்பது நிறைய வீடுகளில் வழக்கம். பேட்டரிக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. புதிதில் இரவு முழுக்க ஓடியது, பிறகு சில மணி நேரத்திலேயே திணறத் தொடங்கியது. பார்வைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த விளக்கு காட்டுவது சார்ஜ் முழுதாக இருக்கிறது என்பதை மட்டும். முழுது என்பது எவ்வளவு என்று அது சொல்லாது. மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெட்டி உப்பியிருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இந்த வகை பம்ப் வாங்கும்போது இன்னொரு விஷயத்தையும் கேட்க வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் நீண்ட மணிக்கணக்கு சில மாடல்களில் இடைவெளி மோடில் வருவது. கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும். மீன் குறைவாக இருக்கும் தொட்டிக்கு அது போதும். தங்கமீன் தொட்டிக்கு நான் அதை நம்பமாட்டேன்.

கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் எனக்குச் சரிப்படவில்லை. அதற்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி கணக்குக்கு 84 வாட் மணி. ஆனால் 3 வாட் பம்ப்பை ஓட்டுவதற்காக யூபிஎஸ் தனக்கென்றே அதைவிட அதிகமாகச் செலவழிக்கிறது. போதாததற்கு கூவிக்கொண்டே இருக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அப்படியில்லை. 150 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் ஓடுவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கரண்ட்டைச் சீரான அலையாக இல்லாமல் வெட்டி வெட்டிக் கொடுக்கும் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் பம்ப் உறுமும், கொஞ்சம் சூடாகும். வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஹீட்டரை மட்டும் அந்த லைனில் போடாதீர்கள், பேட்டரியைக் குடித்துவிடும். குளிரில் ஹீட்டர் நின்றால் தொட்டியைச் சுற்றித் தெர்மாகோலோ கம்பளியோ போர்த்தினாலே போதும். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது, தொட்டி பெரிதாக இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் ஆறும். மேலே மட்டும் காற்றுக்கு வழி விடுங்கள்.

பம்ப்பை விட முக்கியமாக நான் நினைப்பது அதன் குழாயின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதை. பெட்டியோடு வருவது ஒரு ஏர் ஸ்டோன், அதாவது காற்றைச் சின்னக் குமிழிகளாகப் பிரிக்கும் நுண்துளைக் கல். அதைக் கழற்றிவிட்டு, தொட்டியில் எப்போதும் கிடக்கிற ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மாட்டிவிடுங்கள். ஆக்சிஜன் பெரும்பாலும் குமிழிக்குள்ளிருந்து வருவதில்லை, மேல்மட்டத் தண்ணீர் கலங்குவதால் வருகிறது. அந்த வேலையை ஸ்பாஞ்ச் ஃபில்டரும் செய்யும். கூடவே, அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றுகிற பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஒரே பம்ப்பில் இரண்டு வேலை.

கேனிஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஆக்சிஜனை பாக்டீரியாக்களே சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு என் கேனிஸ்டரைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கரண்ட் வந்ததும் அது தானாக ஓடியிருந்தால் அந்தத் தண்ணீர் முழுக்க மீன்களின் மேல் போயிருக்கும். அதனால் கரண்ட் போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டால் கேனிஸ்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுகிறேன். கரண்ட் வந்த பிறகு உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, உள்ளே வடிகட்டுவதற்காக வைத்திருக்கும் ஸ்பாஞ்ச், கல் போன்ற மீடியாவைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுத்தான் ஓட்டுவது. குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் மிச்சப் பாக்டீரியாவையும் முடித்துவிடும்.

காற்றை ஒரு பக்கமாக மட்டும் விட்டு, தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வைக் குழாயின் நடுவில் மாட்டுவது கட்டாயம். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், அது நின்றதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து பம்ப்புக்குள் இறங்கும், அப்புறம் தரையில். மிகச் சின்ன சாமான். திசை மாற்றி மாட்டினால் காற்றே போகாது, அதை மட்டும் பார்த்து மாட்டுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடுவதில்லை. செரிமானத்துக்கும் ஆக்சிஜன் செலவாகும், கழிவு அம்மோனியாவாகும். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் சில நாள் பட்டினி இருந்தால் ஒன்றும் ஆகாது. வீட்டில் பாவம் பார்க்கிறவர்களிடமிருந்து தீனி டப்பாவை ஒளித்து வைப்பதுதான் கஷ்டம். கரண்ட் வந்த பிறகு தண்ணீரில் அம்மோனியா அளவைப் பார்த்து, கால் பங்குத் தண்ணீரைக் குளோரின் நீக்கி மாற்றினால் போதும். பம்ப் எதுவும் ஓடாத நிலையில், மக்கில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது நன்றாகவே வேலை செய்கிறது. சில நிமிடம் செய்துவிட்டு மீனைப் பாருங்கள். மேலே தொங்குவதை விட்டுக் கீழே இறங்கினால் கொஞ்ச நேரம் உட்காரலாம். மீன் எண்ணிக்கை அளவோடு இருக்கும் தொட்டியில் அந்த இடைவெளி நீளம். நெருக்கியடித்து வைத்திருந்தால் கை ஓயாது, எந்த பம்ப்பும் அதைச் சரிக்கட்டாது.

இப்போது புதிதாக வாங்குவதாக இருந்தால், சொருகி வைக்கிற செல் பம்ப் ஒன்று, தனியாக யூஎஸ்பி பம்ப் ஒன்று. முதலாவது தானாக ஓடுவதற்கு. இரண்டாவது, நான் எழுந்து வந்த பிறகு செல்லை மிச்சப்படுத்தி நீண்ட நேரம் ஓட்டுவதற்கு. உள்ளே பேட்டரி வைத்தது, மாதாமாதம் சோதித்துப் பார்க்கப் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும். கடையில் வாங்கும்போது காற்றை விரலில் வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் தொட்டி ஆழத்துக்கு ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, குழாயை அடிவரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரடியில் பொங்குகிற சின்ன பம்ப் இரண்டடியில் முக்கி முனகும். டயாஃப்ரம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். ரப்பர் வெடித்துக் காற்று குறைவதுதான் இவற்றில் முதலில் வருகிற பழுது, அது கிடைத்தால் கால் மணி நேர வேலை.