இரண்டுமே பாயிண்ட் 32, ஆனால் தோட்டா வேறு

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் என் மாமாவிடம் அவருடைய அப்பா காலத்து வெப்லி ரிவால்வர் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்தும் நண்பரிடம் 2023-இல் கான்பூரிலிருந்து வெளிவந்த 'பிரபல்' ரிவால்வர் இருக்கிறது. இரண்டும் பாயிண்ட் 32, அதாவது குழலின் உள்விட்டம் சுமார் 0.32 அங்குலம். அழுத்தம் கூடிய தோட்டாவை எது தாங்கும் என்பதுதான் இருவருக்கும் வாக்குவாதம்.

வெப்லி நடுவில் மடித்துத் திறப்பது. அடியில் ஒரு கீல், மேலே ஒரு கொக்கி. ஒவ்வொரு வெடியின் உதையும் இந்த இரண்டின் மீதுதான் விழுகிறது. தோட்டாக்களை எடுத்துவிட்டு, கைப்பிடியையும் குழலையும் பிடித்து மாமா மெல்ல அசைத்துக் காட்டினார். கொக்கியருகே மயிரிழை அளவு ஆட்டம் தெரிந்தது. பிரபலில் அந்தக் கவலை இல்லை. உடற்சட்டகம் மடியாத ஒரே துண்டு, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் மட்டும் பக்கவாட்டில் விலகும். உறுதியில் என் ஓட்டு அதற்கே. புதியது என்பதற்காக அல்ல. 2014-இல் வந்த நிர்பீக் ரிவால்வரும் மடித்துத் திறப்பதுதான்.

ஆபத்து பெயரில் இருக்கிறது. ரிவால்வருக்கான பாயிண்ட் 32 தோட்டா 7.65 × 23 மி.மீ. (விட்டம் × பித்தளைக் கூட்டின் நீளம்); பிஸ்டலுக்கானது 7.65 × 17. அமெரிக்க அளவுகோலில் முதலாவதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, இரண்டாவதற்கு 20,500. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல்! குட்டையான பிஸ்டல் தோட்டாவுக்கும் சிறு விளிம்பு உண்டு என்பதால் பல ரிவால்வர்களின் அறையில் அது உட்கார்ந்துவிடும். உட்காருகிறதே என்று சுடக் கூடாது. வெப்லியில் வேண்டவே வேண்டாம், பிரபலிலும் வேண்டாம். அதன் உறுதி 23 மி.மீ. தோட்டாவுக்காகக் கட்டப்பட்டது.

1935-இல் பாயிண்ட் 357 மேக்னம் தோட்டா வந்தபோது, அதற்கு முந்தைய பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவைவிட அதன் கூட்டை 3 மி.மீ.க்கு மேல் நீளமாக்கினார்கள், பழைய ரிவால்வரில் நுழையக் கூடாது என்றே. 35,000 பவுண்டு எங்கே, 17,000 எங்கே! மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம், மாற்றிச் செய்யக் கூடாது. அப்படியும் உள்ளே தடுக்கும் படி இல்லாமல் நேராகத் துளையிட்ட சில பழைய சிலிண்டர்களில் மேக்னம் நுழைந்துவிடும்.

சுட்டபின் கூடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தாலோ, அடியிலுள்ள கேப் (சுத்தியல் அடித்து வெடிக்கும் சிறு மூடி) தட்டையாக நசுங்கியிருந்தாலோ அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

மாமா வெப்லியை, கொக்கி சரிபார்க்க, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்திருக்கிறார். நண்பர் தோட்டாப் பெட்டியைத் திருப்பி, 7.65 × 23 என்ற எழுத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.