தாய்ப்பன்னிக்கு நார்ச்சத்து தீவனம்: நாலு வருஷம் போட்டுப் பாத்ததுல தெரிஞ்சது

நாலு வருஷமா தாய்ப்பன்னிங்களுக்கு நார்ச்சத்து கூட்டித்தான் தீவனம் போடறேன், கோதுமைத் தவிடும் சோயா தோலும், அவ்ளோதான். நார் போட்டா குட்டி நல்லா வளருமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. வளரும், ஆனா எப்போ போடறோம்ங்கறதுல தான் விஷயமே இருக்கு.

நான் ஆரம்பிச்சது மலச்சிக்கலுக்காக. குட்டி போடற நேரம் நெருங்கினா சில பன்னிங்களுக்கு சாணி ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையா வரும், கையில எடுத்தா ஒட்டக்கூட ஒட்டாது, அவ்ளோ காஞ்சிருக்கும். அந்தப் பன்னிங்க தான் குட்டி போடவும் ரொம்ப நேரம் எடுத்துக்கும், மறுநாள் பாத்தா மடி கல்லு மாதிரி இறுகி, காய்ச்சல் அடிச்சு, பால் இறங்காம குட்டிங்க கத்திட்டே கெடக்கும். ஒரு ஈத்துல ஒரு பன்னி ராத்திரி பூரா முக்கி கடைசி மூணு குட்டிய செத்தே போட்டுச்சு, அந்த மூணையும் கையில எடுத்தப்போ வந்த வேதனை இன்னும் போகல.

அப்புறம் தான் படிச்சு கேட்டு புரிஞ்சுக்கிட்டேன். நார் சிறுகுடல்ல செரிக்காது, பெருங்குடலுக்கு போய் அங்க இருக்கற நுண்ணுயிருங்க அத புளிக்க வச்சு அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட்னு சின்ன கொழுப்பு அமிலங்களா மாத்தும். இது மெதுவா நடக்கறதால சாப்ட்டு பல மணி நேரம் கழிச்சும் பன்னிக்கு சக்தி கெடச்சிட்டே இருக்கும், குட்டி போடறதுக்கு முக்கறப்போ அது தான் கை கொடுக்குது. பியூட்டிரேட் குடல் சுவத்துக்கே சாப்பாடு. குடலும் இறுகாம இருக்கும்.

சினைக்காலம் 114 நாள், அதுல முக்கால்வாசி நாள் தீவனத்த அளந்து தான் போடணும், இல்லன்னா கொழுத்துடும், ஆனா பசி தாங்காம கம்பிய கடிக்கும், வெறும் வாய மென்னுட்டே நிக்கும். தவிடு கூட்டினதுக்கு அப்புறம் சாப்ட்டதும் படுத்துக்குது. எனக்கு முதல்ல கண்ணுக்கு தெரிஞ்ச மாற்றம் இது தான்.

குட்டிங்க விஷயத்துக்கு வரேன். பன்னிக்குட்டி பொறக்கறப்போ அம்மாகிட்ட இருந்து எதிர்ப்பு சக்தி ரத்தத்துல வர்றதில்ல, எல்லாமே சீம்பால்ல தான். முதல் 24 மணி நேரத்துக்குள்ள ஒரு குட்டிக்கு சுமார் 200 - 250 கிராமாவது சீம்பால் உள்ள போகணும், அதுக்கப்புறம் குடல் அந்த எதிர்ப்பு சக்திய உள்ள விடாது. பிரசவம் சுலபமா முடிஞ்ச பன்னி ஒழுங்கா படுத்து பால் குடுக்கும், விஷயம் இவ்ளோதான். இன்னொன்னு, குட்டியோட குடல்ல முதல்ல குடியேறற நுண்ணுயிருங்க அம்மாவோட சாணி, தோல், காம்புல இருந்து தான் வருது, அதனால அம்மா குடல சரி பண்றது குட்டி குடல சரி பண்றதுக்கு சமம்னு நான் நம்பறேன். 28 நாள்ல பால் மறக்கடிக்கறப்போ எடை போட்டுப் பாப்பேன், பெரிய குட்டிங்க எடைல பெருசா வித்தியாசம் இல்ல, சவலைக் குட்டிங்க தான் தேறி வருது. பால் மறந்ததும் வர்ற கழிச்சல் குறைஞ்சிருக்கு, நிக்கல.

நான் பண்ண பெரிய தப்பு, பால் குடுக்கற காலத்துலயும் அதே அளவு தவிட போட்டது. அப்போ பன்னிக்கு தேவை அடர்த்தியான சக்தி, தவிடு வயித்த நிரப்பிடும் ஆனா அந்த அளவு சக்தி தராது. ரெண்டு பன்னி முதுகெலும்பு தெரியற அளவுக்கு எளச்சு, மறுபடி பருவத்துக்கு வரவும் லேட்டாச்சு. இப்போ சினையோட 100-ஆவது நாள் வாக்குல தவிட இன்னும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டறேன், ஒரே நாள்ல கூட்டினா குடல்ல இருக்கற உயிருங்களுக்கு பழக நேரம் கெடைக்காது. குட்டி போட்டு ஒரு வாரத்துல படிப்படியா குறைச்சுடுவேன்.

தண்ணி ரொம்ப முக்கியம், பால் குடுக்கற பன்னி ஒரு நாளைக்கு 20 - 40 லிட்டர் குடிக்கும், தண்ணி பத்தாம நார் மட்டும் போட்டா மலச்சிக்கல் இன்னும் மோசமாகும். பூசணம் புடிச்ச தவிட தயவுசெஞ்சு தொடாதீங்க, அதுல வர்ற ஸீரலெனோன் நஞ்சு கருப்பையையே கெடுக்கும்.

இப்போ கொட்டகையில ஒரு பன்னி 109-ஆவது நாள்ல இருக்கு, காலைல பெருக்கறப்போ பாத்தேன், சாணி ஈரமா, உருவம் கலையாம இருந்துச்சு.