இன்ஸ்டாகிராமின் 'ரெஸ்ட்ரிக்ட்' வசதி: ஒரு தாயின் மதிப்புரை

என் மகளுக்கு வயது 14. அவள் படம் போட்டாலே வகுப்புத் தோழி ஒருத்தி கீழே வந்து இவள் பல்வரிசையைக் கேலி செய்து எழுதுவாள். பிளாக் செய்யச் சொன்னேன். "தெரிந்துவிட்டால் வகுப்பில் இன்னும் மோசமாகும் அம்மா" என்று அழுதாள். அந்தப் பயம் நியாயமானது. ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்.

2019இல் வந்த இந்த வசதி சரியாக இந்த இக்கட்டுக்குத்தான் உதவுகிறது. கேலி செய்பவர் புதிதாக எழுதும் கருத்து, நாம் அனுமதித்தால் ஒழிய, அவர் கண்ணுக்கும் நமக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவர் அனுப்பும் செய்தி வழக்கமான இன்பாக்ஸுக்கு வராமல், 'மெசேஜ் ரிக்வெஸ்ட்' என்ற தனிக் கோரிக்கைப் பகுதிக்குப் போய்விடும். நாம் படித்தோமா என்பதும் அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டுப்படுத்தியதாக அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது.

மூன்று வாரமாக மகள் நிம்மதியாகத் தூங்குகிறாள். அதற்காகவே ஐந்துக்கு நான்கு தருகிறேன்.

அந்தப் பெண் தன் பக்கத்திலோ வகுப்புக் குழுவிலோ எழுதுவதை இது தடுக்காது. அதற்கு வகுப்பாசிரியரிடம்தான் போனோம். நல்லவேளை, முன்பே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தோம். அவர் முதலில் கேட்டதே அதைத்தான்.