ரிச்சி தெருவில் கேமிங் பிசி: கொட்டேஷனில் எந்த வரியை அடித்துத் திருத்த வேண்டும்?

கேமிங் கம்ப்யூட்டருக்குப் பார்ட்ஸ் வாங்க சென்னை ரிச்சி தெரு நல்ல இடமா? மாடல் நம்பரோடு போனால் நல்ல இடம். "பட்ஜெட் இவ்வளவு, ஒரு கேமிங் பிசி போட்டுக் குடுங்க" என்று நின்றால், அன்றைக்குக் கடையில் எது தேங்கியிருக்கிறதோ அதுவே கொட்டேஷனாக வரும். ப்ராசஸர் விலையும் கிராபிக்ஸ் கார்டு விலையும் எல்லோருக்கும் அத்துப்படி. அதனால் அந்த வரிகளில் விளையாட இடமில்லை. எஸ்எம்பிஎஸ் (பவர் தரும் பெட்டி), ராம் (மெமரி), கேபினட் (வெளிக்கூடு) ஆகிய மூன்று வரிகளில்தான் மிச்சம் பிடிப்பார்கள். பிற்பாடு கம்ப்யூட்டர் மக்கர் செய்வதும் பெரும்பாலும் அந்த மூன்றால்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறந்திருக்காது. வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதற்குப் பதில் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். விலை கேட்கும்போதே 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். கார்டில் கட்டினால் கூடுதல் பிடிக்கும் கடைகளும் உண்டு. 2025 கடைசியில் ராம் விலை எகிறத் தொடங்கியதிலிருந்து கொட்டேஷன் அன்றைக்கு மட்டும்தான் செல்லும். நரசிங்கபுரம் தெரு வரை நடந்து நாலு கடையில் கேட்பதாக இருந்தால் ஒரே நாளில் கேட்டு முடியுங்கள்.

முதலில் எஸ்எம்பிஎஸ். கொட்டேஷனில் வெறுமனே "450 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று இருந்தால் பேனாவை எடுத்து அடித்துவிடலாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் கிடைக்கும் பவர். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 216 வாட்தான், பெட்டியின் மேல் 450 என்று எழுதியிருந்தாலும் சரி. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த எண் 45க்குப் பக்கத்தில் இருக்கும். ரைசன் 5 7600 ப்ராசஸர் அதிகபட்சம் 88 வாட் இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட். மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டைச் சுற்றித்தான் வரும். ஆகவே இந்தக் கூட்டணிக்கு நல்ல கம்பெனியின் 550 வாட் தாராளம். 750 வாட் வேண்டும் என்று தள்ளினால் தலையாட்ட வேண்டியதில்லை. வாட்டைக் கூட்டுவதைவிட, ஐந்து வருட வாரண்டி உள்ள மாடலைக் கேட்பது புத்திசாலித்தனம்.

ராம் வரியில் "16 ஜிபி டிடிஆர்5" என்று மட்டும் இருந்தால் அது ஒற்றை ஸ்டிக். இரண்டு ஸ்டிக் இருந்தால் தகவல் போகும் பாதையில் பாதிதான் அதற்குக் கிடைக்கும். கேம் ஓடும், ஆனால் கூட்டமான காட்சியில் திக்கித் திக்கி ஓடும். விலை ஏறிய இந்தக் காலத்தில் 32 ஜிபி கையைக் கடித்தால் 8 ஜிபியில் இரண்டு ஸ்டிக் போடுவதைவிட, 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கை இப்போது வாங்கிப் பின்னால் இன்னொன்று சேர்க்கலாமே என்பார்கள். அதே மாடல் பின்னால் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் சிப் மாறியிருக்கலாம். இரண்டும் 6000 வேகத்தில் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் கிட்தான் சரி. ஏஎம்5 போர்டுக்கு (ரைசன் 7000, 9000 வரிசை உட்காரும் போர்டு) 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு, குறைந்தால் நல்லது) என்று கேளுங்கள்.

ப்ராசஸரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரைசன் 5 7500எஃப் கொஞ்சம் மலிவு, கேமிங்கில் 7600க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எங்கள் ஓட்டு இருந்தும் 7600க்குத்தான். அதற்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. நாளைக்குத் திரை வராமல் போனால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, போர்டின் ஹெச்டிஎம்ஐயில் வயரைச் செருகி, கோளாறு கார்டிலா போர்டிலா என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். எஃப் மாடல் வைத்திருப்பவர் இதற்காகக் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு மவுண்ட் ரோடு போக வேண்டும். டிரே பீஸா (பெட்டி இல்லாமல் வருவது), பாக்ஸ் பீஸா என்பதையும் கேளுங்கள். பாக்ஸுக்குக் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி நேரடியாக உண்டு. டிரே பீஸுக்கு விற்ற கடைக்காரர்தான் பொறுப்பு, கடை இருக்கும் வரை.

கார்டு விஷயத்தில் சுருக்கமாக: 5060இல் 8 ஜிபி மெமரிதான், கார்டு எட்டு லேனில் (போர்டுக்கும் கார்டுக்கும் நடுவே தகவல் போகும் பாதை) ஓடுகிறது. பழைய பி450 போர்டில் போட்டால் அந்தப் பாதையின் வேகமும் குறைந்துவிடும். கார்டின் மெமரி நிரம்பும் கேம்களில் இந்தக் குறை நன்றாகவே தெரியும். கையில் காசு இருந்தால் 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, பதினாறு லேன், 160 வாட். பழைய மார்க்கெட்டில் 13, 14ஆம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9 மலிவாக வந்தால் உடனே ஆசைப்படாதீர்கள். வோல்டேஜ் ஏறி சிப் தேயும் பிரச்சினை அவற்றுக்கு உண்டு. 2024இல் வந்த மைக்ரோகோட் திருத்தம் மேற்கொண்டு தேயாமல் காக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது.

கேபினட்டுக்கு வருவோம். கடை வாசலில் மின்னுவதெல்லாம் முன்பக்கம் கண்ணாடி போட்டது. சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், அது கேபினட் இல்லை, இட்லிப் பானை. முன்பக்கம் முழுக்க வலை, முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள, இவ்வளவு போதும். 7600உடன் வரும் சின்னக் கூலர் வேலைக்கு ஆகும், ஆனால் சத்தம் போடும். 120 எம்எம் ஃபேன் உள்ள ஒற்றை டவர் கூலர் போட்டால் அந்தத் தொல்லை தீரும். ப்ராசஸர் 95 டிகிரி வரை போவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அந்த எல்லைக்கு ஏற்றபடி செய்யப்பட்டதுதான்.

அசெம்பிள் செய்து கொடுக்கும் சேவை இந்தத் தெருவின் பலம். வேகம், கை சுத்தம் இரண்டும் உண்டு. விட்டுப்போவது பயாஸ் (போர்டின் அடிப்படை செட்டிங்) வேலைதான். ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்யாமல் கொடுத்துவிடுவார்கள். 6000க்குக் காசு கொடுத்த ராம் 4800இல் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து கடையிலேயே பாருங்கள். ரைசன் 9000 வரிசை வாங்குபவர்கள், பி650 போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸையும் அங்கேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அதை நாம்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் 60இலேயே கிடக்கும்.

இனி "நோ டிஸ்ப்ளே", அதாவது ஆன் ஆகியும் திரையில் எதுவும் வராதது. சர்வீஸ் கவுண்டருக்குக் கிளம்பும் முன் இந்த வரிசையில் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ வயர் கார்டில் இருக்கிறதா, போர்டிலா? கார்டில்தான் இருக்க வேண்டும். போர்டின் மேல் மூலையில் ப்ராசஸருக்கான 8 பின் வயர் செருகியிருக்கிறதா? நாலு நாலாகப் பிரிவது ப்ராசஸருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. ராம் இரண்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கிளிக் சத்தம் கேட்க வேண்டும். புது ஏஎம்5 போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பதறி ஆஃப் செய்தால் முதலிலிருந்து தொடங்கும். டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் போர்டில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கார்டு), பூட் என்று நாலு குட்டி விளக்கு இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டிராம் என்றால் ஒற்றை ஸ்டிக்கை மட்டும் போட்டுப் பாருங்கள், பவரை எடுத்துவிட்டு போர்டில் உள்ள 2032 பொத்தான் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள்.

கேம் நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று இருக்கும். அது கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றதைத்தான் சொல்கிறது, ஏன் நின்றது என்பதைச் சொல்லாது. அதை வைத்து எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஓட்டுங்கள். பிரச்சினை நின்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேலோ கார்டுக்குப் போகும் வயர் மேலோ வலுக்கிறது. கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வந்தால் எக்ஸ்போவை ஆஃப் செய்து பாருங்கள். பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நாலு சுற்று. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராமைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

கரண்ட் போகும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள ஸ்விட்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் அதைவிட மெதுவாக மாறும். தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ வேண்டாம், அது 360 வாட்தான் தரும். மானிட்டரும் சேர்ந்தால் கேம் நேரத்தில் அலறும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால் அது பெரும்பாலும் பிளக் பாயிண்டில் எர்த் இல்லாத குறை. கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பயனில்லை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடைசியில் எடுத்துப் போவதுதான் என்றால், ஆட்டோவில் ஏற்றும் முன் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக வையுங்கள், ஸ்பீடு பிரேக்கரில் ஸ்லாட் உடையும். செக் பண்ண எவ்வளவு என்று முதலில் பேசிவிட்டு, பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எல்லா சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் ஏறியிருக்க வேண்டும், "போர்டு 1, ராம் 2" என்று எழுதிய பில் வாரண்டிக்கு உதவாது. போர்டு வாங்கும்போது சாக்கெட் பின்களைக் கவுண்டரிலேயே கிட்டத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியை அசெம்பிள் செய்பவர் குப்பையில் போடும் முன் வாங்கி வையுங்கள், அது இல்லாமல் போர்டை வாரண்டிக்கு எடுக்க மாட்டார்கள்.