குடும்பத்துக்கும் வகுப்பு எடுக்கும் ஒரு குடிநோய் சிகிச்சை மையம்

திருச்சிக்கு அருகே உள்ள ஒரு தனியார் குடிநோய் சிகிச்சை மையத்தில் என் மைத்துனர் ஒரு மாத காலம் உள்நோயாளியாக இருந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. குளிர்சாதன அறைகளையும் தோட்டத்தையும் காட்டி விளம்பரம் செய்யும் மையங்கள் பெருகிவிட்ட நிலையில், இங்கே அறைகளும் சுமார்தான், சாப்பாடும் சுமார்தான். முதல் சில நாட்களின் மருத்துவக் கண்காணிப்பும், குடும்பத்தாருக்கு நடத்தப்படும் வகுப்பும்தான் கட்டிய பணத்துக்கு ஈடாக அமைந்தன.

மனநல மருத்துவச் சட்டம், 2017, மது மற்றும் போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, அவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் இடங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டிவைப்பதையும் அது தடைசெய்கிறது. இந்த மையத்தின் பதிவுச் சான்றிதழ் நுழைவாயிலிலேயே மாட்டப்பட்டிருந்தது. அடித்துத் திருத்துவதைச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளும் இடங்களைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டே இருப்பதால், பணம் கட்டும் முன் அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும்; முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; அதையடுத்து, இல்லாத உருவங்கள் தெரிந்து, இடம் பொழுது தெரியாமல் பிதற்றும் நிலையும் வரலாம், அது உயிருக்கே ஆபத்தானது. இங்கே செவிலியர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, இரு கைகளையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி நடுக்கத்தைப் பார்த்து, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ மருத்துவரிடம் கேட்டார். சேர்ந்த அன்றே தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடப்பட்டது. அந்தச் சத்து வற்றிப்போனால் மூளை பாதிக்கப்பட்டு, நடை தள்ளாடி, நினைவு நிரந்தரமாகக் கெடலாம் என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் குடும்ப வகுப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வயதான அம்மா, “மாலை போட்டால் ஒரு மண்டலம் என் பையன் சொட்டுகூடத் தொடமாட்டான். அப்புறம் இது எப்படிங்க நோய் ஆகும்?” என்று கேட்டார். அங்கிருந்த பாதிப் பேரின் மனதிலும் அதே கேள்விதான் இருந்திருக்கும். “மாலையைக் கழற்றிய பிறகு முதல் கிளாஸோடு நிறுத்த முடிகிறதா, அம்மா?” என்று கவுன்சலர் திருப்பிக் கேட்டார். தொடர்ந்த குடியால் மூளையின் நாட்டத்தையும் கட்டுப்பாட்டையும் இயக்கும் பகுதிகள் மாறிவிடுவதால், இடையில் சில வாரங்கள் விலகி இருந்தாலும், மறுபடி தொட்டதும் அளவு கைமீறிப் போவதுதான் இந்த நோயின் அடையாளம் என்று அவர் விளக்கினார். கடுமையாகக் குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்தே என்றார்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடியைப் பற்றியும் அவர் கண்டிப்பாகப் பேசினார். அப்படிக் கலக்கப்படும் டைசல்ஃபிராம் என்ற மருந்தை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருந்தை நிறுத்தி இரண்டு வாரங்கள் வரைகூட அந்த விளைவு இருக்கலாம் என்பதால், நோயாளியின் சம்மதமும் மருத்துவரின் கண்காணிப்பும் இன்றி அதைக் கொடுக்கவே கூடாது. டாஸ்மாக் கடனை அடைப்பது, “அவருக்குக் காய்ச்சல்” என்று அலுவலகத்துக்குப் போன் செய்வது போன்றவை அன்பினால் செய்யப்பட்டாலும் குடியின் விளைவுகளை நோயாளியிடமிருந்து மறைத்துவிடுகின்றன என்று அவர் சொன்னபோது, என் அக்கா தலைகுனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஆனாலும், குடிக்குக் காரணம் மனைவிதான் என்ற பேச்சுக்கு அந்த வகுப்பில் இடமே இல்லை. உறவினர் வாயை அடைக்க அது ஒன்றே போதும்.

எதிர்பாராத இன்னொன்று, மைத்துனரின் பள்ளிப் பருவத்தைப் பற்றி மனநல மருத்துவர் துருவிக் கேட்டது. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களுக்குப் போதைப் பழக்கம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இருந்தும் அவர் உடனே முத்திரை குத்தவில்லை. குடியை விட்ட தொடக்க வாரங்களில் யாருக்குமே கவனம் சிதறும், தூக்கம் கெடும் என்பதால், சில வாரங்கள் குடியின்றிக் கழிந்த பிறகே சோதிக்க வேண்டும் என்றும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்பதைப் பெற்றோரிடம் கேட்டறிய வேண்டும் என்றும் சொன்னார். ஒரே அமர்வில் நான்கு நோய்ப் பெயர்களை எழுதிக்கொடுக்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த நிதானம் எவ்வளவு அரிது என்பது தெரியும்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. வீட்டுக்கு அனுப்பிய பிறகு தொடர் கவனிப்பு மிகவும் பலவீனம். மறுவீழ்ச்சிக்கு வாய்ப்பு அதிகமுள்ள அந்த முதல் மாதங்களில் மையத்திலிருந்து யாரும் அழைக்கவில்லை. நாங்கள் அழைத்தபோது, பழகிய கவுன்சலர் வேலையை விட்டுப் போயிருந்தார். 1935இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று தமிழ்நாட்டிலும் நடக்கும், குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களைப் பற்றிய ஒரு முகவரிப் பட்டியலைக் கொடுத்ததோடு சரி. ஊருக்கு அருகே எது, எந்தக் கிழமையில் நடக்கிறது என்பதை நாங்களே விசாரிக்க வேண்டியிருந்தது. ஏ.டி.எச்.டி. சோதனைக்குத் தேதியும் குறித்துக் கொடுக்கவில்லை. குடும்ப வகுப்புக்குத் தந்தையரும் சகோதரரும் அரிதாகவே வருகிறார்கள், அவர்களை வரவழைக்க மையமும் முயல்வதில்லை. கட்டணமும் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் குடிநோய்க்குச் சிகிச்சை கிடைப்பதால், முதலில் அங்கே விசாரித்துவிட்டு வருவது நல்லது.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. வர மறுக்கும் நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கும் வீடுகளுக்கு ஒரு தகவல்: இந்த மையத்தைப் போலவே வேறு சில மையங்களிலும், நோயாளி சேராவிட்டாலும் குடும்பத்தார் மட்டும் வகுப்புக்கு வரலாம். அருகிலுள்ள மையத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸின் 14416 ஆகிய கட்டணமில்லா எண்கள் உள்ளன.